கத்துற கடன்... கத்தாத கடன்!

உங்க செல்லில் தெரியாத நம்பரிலிருந்து கால் வந்தால் என்ன செய்வீங்க? 'கிரெடிட் கார்டு வேணுமா மேடம்' கோஷ்டின்னு கட் பண்ணிட்டு கேன்டீனைப் பார்த்து நடப்பீங்க. நம்மில் சில பேரால் அப்படி கட் பண்ண முடியாது. அந்தப் பக்கம் அப்பா பேரைச் சொல்லி, "நீங்க அவர் பொண்ணுதானே?"ன்னு ஆரம்பிக்கிற குரல் எங்களுக்கு நல்லாப் பழக்கம். ரூம்மேட்டுக்குத் தெரியாமல் மொட்டை மாடிக்கு ஓடிப்போய், துணி காயப்போடுற கம்பிக்குப் பின்னாடி நின்னு, "அப்பாகிட்ட சொல்றேன் சார்... சொல்றேன் சார்"னு பேசிட்டு வருவோம். வந்து சிரிச்சுக்கிட்டே அசைன்மென்ட் எழுதுவோம்.

உங்க கிளாஸிலும் இப்படி மொட்டை மாடிக்கு ஓடுற ஒருத்தர் இருப்பாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். மத்தவங்களும் படிங்க, ப்ளீஸ். நாளைக்கு பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்ட் அழுதா, "எல்லாம் சரியாயிடும் டீ"ங்கிறதைத் தவிர வேற ஏதாவது சொல்லத் தெரியணும் இல்லையா?

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். ஒரு வீட்டில் நாலு கடன் இருந்தால் நாலும் ஒரே ஜாதி கிடையாது. வாசலில் வந்து நின்னு கத்துற கடன் உண்டு. கத்தாமல், ரிஜிஸ்டர் தபாலில், இங்கிலீஷில் வர்ற கடனும் உண்டு. பயம் என்ன பண்ணும்னா, கத்துறவங்களுக்கு முதல்ல பணத்தைக் கொடுக்க வைக்கும். ஆனா வீட்டை எடுக்கிற பவர் பெரும்பாலும் கத்தாதவங்க கையிலதான் இருக்கும்! இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை வீடு போயிருக்கும்னு நினைச்சா எனக்கு வயிறு கலங்குது. எங்க வீடும் கிட்டத்தட்ட போயிருக்கும்.

நாங்க குமாரபாளையம். தறிக்காரக் குடும்பம். தறி ஓடுற பட்டறையும், நாங்க படுக்கிற ரெண்டு ரூமும் ஒரே கூரைக்கு அடியில்தான். அதனால 'வீடு போயிடும்'னா எங்களுக்குச் சோறும் சேர்ந்து போயிடும்னு அர்த்தம். அப்பா ஓட்டுறது கூலி நெசவு. ஜவுளிக்காரர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். ஓட்டிக் கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி. 2019-ல் நாலு தறியை எட்டாக்க ஆசைப்பட்டு, வீட்டுப் பத்திரத்தை ஒரு பேங்க்கில் வெச்சு 9 லட்சம் வாங்கினார். பத்து வருஷத் தவணை, மாசம் 12,650 ரூபாய். 2020-ல் கொரோனா வந்தப்போ ரிசர்வ் வங்கியே ஆறு மாசத் தவணையைத் தள்ளிப்போட அனுமதிச்சதால தப்பிச்சோம். 2022-ல் நூல் விலை எகிறினதே, அதுதான் எங்களுக்கு விழுந்த அடி. ஜவுளிக்காரர் பாவு கொடுக்கிறதையே குறைச்சுட்டார். எட்டுத் தறியில் மூணு ஓடினால் அது நல்ல வாரம். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவ நான். அந்தச் சத்தம் நின்ன ராத்திரிகளில் எனக்குத் தூக்கம் வரலை.

ஓட்டையை அடைக்க அம்மா ரெண்டு குழு லோன் வாங்கினாங்க. 40 ஆயிரம் ஒண்ணு, 45 ஆயிரம் ஒண்ணு. அப்பா செல்லில் வந்த ஏதோ ஒரு ஆப் மூலமா, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் 60 ஆயிரம் பெர்சனல் லோன் எடுத்தார். ஆக மொத்தம் நாலு கடன். இதில் வீட்டுப் பத்திரம் மாட்டியிருக்கிறது ஒண்ணே ஒண்ணுலதான். பாருங்க, இதை எழுதும்போது எவ்வளவு சுலபமா இருக்கு! வீட்டுக்குள்ள இருந்தப்போ இது யாருக்கும் தெரியலை. ஏன் தெரியலைன்னா, சத்தம் அப்படி.

குழு லோன் வசூலுக்கு வர்றவரை எங்க தெருவில் 'சார்'னுதான் கூப்பிடுவாங்க. தவணை கட்டாத வீட்டு வாசலில் பைக்கைப் போட்டு உட்கார்ந்தார்னா எழுந்திருக்க மாட்டார். காலையில் ஆறரைக்கு வந்து உட்கார்ந்த நாள் உண்டு, ராத்திரி ஒன்பதரை வரைக்கும் இருந்த நாளும் உண்டு. அவரைக்கூட சமாளிச்சிடலாம். குழுவில் இருக்கிற மத்த அக்காக்களையும் கூட்டிக்கிட்டு வந்து வரிசையா நிக்க வைப்பாங்க, அதுதான் கொடுமை. "அக்கா, நீங்க கட்டினாத்தான் எங்களை விடுவாங்களாம்... எம் புள்ளைக்கு சோறாக்கணும், பார்த்துச் செய்ங்கக்கா"ன்னு, தினமும் தண்ணிக் குழாயில் சேர்ந்து நிக்கிறவங்களே கேட்கும்போது எந்த அம்மாவால் தாங்க முடியும்? எங்கம்மா உள்ளே போய், பேங்க் தவணைக்குன்னு அரிசி டப்பாவில் வெச்சிருந்த பணத்தில் நாலாயிரத்தை எண்ணிக் கொடுத்துட்டு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துக்கிட்டாங்க. அந்த மாசம் பேங்க் தவணை போகலை. அடுத்த மாசமும்!

ஆப் லோன் ஆட்கள் போனிலேயே ராஜ்ஜியம் நடத்தினாங்க. "போலீஸோட வர்றோம்", "வீட்டுக்கு சீல் வெச்சிடுவோம்", "உம் பொண்ணு காலேஜ் வாசல்ல வந்து நிப்போம்". என் நம்பர் எப்படிக் கிடைச்சதுங்கிறீங்களா? அப்பா லோன் எடுக்கும்போது ரெஃபரன்ஸ் நம்பர் கேட்டிருக்காங்க. பொண்ணு நம்பரைத்தானே மனப்பாடமா வெச்சிருப்பார், பாவம்.

பேங்க்? ரெண்டு தடவை போன். அதுவும் மரியாதையா. அப்புறம் சத்தமே இல்லை. "பேங்க்காரங்க பரவாயில்லீங்க, நல்ல மனுஷங்க"ன்னு அப்பா சொல்லிக்கிட்டிருந்தார்.

2024 பொங்கல் லீவில் வீட்டுக்கு வந்தேன். அப்பா பேச்சே குறைஞ்சு போச்சு. சாப்பிட்ட தட்டிலேயே கை காயற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். பொங்கலுக்கு வெள்ளையடிக்க முடியலை, சாமி படத்தையாவது துடைப்போம்னு அம்மா இறக்கினாங்க. படத்துக்குப் பின்னாடி ஒரு நீளமான கவர். "அது ஏதோ இங்கிலீஷ் தபால் கண்ணு. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உங்கப்பா பார்த்தா பயந்துக்குவாருன்னு வெச்சுட்டேன்."

பிரிச்சேன். நாலு பக்கம். மொத்தப் பாக்கி 6 லட்சத்து 70 ஆயிரத்துச் சொச்சத்தையும் நோட்டீஸ் தேதியிலிருந்து 60 நாளைக்குள் கட்டணும். தவறினால் கீழே கண்ட சொத்தை சுவாதீனம் எடுப்போம்னு இருந்தது. கீழே எங்க வீட்டோட நாலு எல்லையும் எழுதியிருந்தது. கிழக்கே பெரியப்பா வீட்டுச் சுவர், மேற்கே பொதுப்பாதை... வருஷக்கணக்கா விளையாடின இடத்தை அப்படி இங்கிலீஷில் படிக்கிறது ஒரு மாதிரி இருந்துச்சு. தேதியைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். 33 நாள் ஆகியிருந்தது.

இங்கே கொஞ்சம் சட்டம் பேசணும். போர் அடிக்காது, ப்ராமிஸ்!

வீட்டை அடமானம் வெச்சு வாங்கின கடனுக்கு பேங்க் கோர்ட்டுக்கே போக வேண்டாம். 2002-ல் வந்த 'சர்ஃபாசி'ங்கிற சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுக்குது. தவணை 90 நாளைக்கு மேல் நின்னா கணக்கு 'வாராக் கடன்' ஆகிடும். அப்புறம் வர்றதுதான் இந்த 60 நாள் நோட்டீஸ், அதாவது 13(2) நோட்டீஸ். இதுக்கு நாம எழுத்தில் பதில் கொடுக்கலாம். கொடுத்தா, ஏத்துக்க முடியாதுன்னாலும் ஏன்னு காரணம் சொல்லி 15 நாளைக்குள்ள பேங்க் பதில் தந்தாகணும். 60 நாள் முடிஞ்சால் சுவாதீன அறிவிப்பை வீட்டுச் சுவரில் ஒட்டி, ரெண்டு பேப்பரில் போடுவாங்க, அதில் ஒண்ணு நம்ம ஊர் மொழிப் பேப்பர். தினசரியில் பொடி எழுத்தில் கட்டம் கட்டி, பேர், ஊர், சதுர அடின்னு வருதே, நாம சினிமா பக்கத்துக்குப் போற அவசரத்தில் புரட்டிட்டுப் போவோமே, அதேதான். ஒவ்வொரு கட்டமும் ஒரு வீடு.

சுவரில் ஒட்டினதுமே வீடு போயிடாது. பேப்பரில் சுவாதீனம் வேற, ஆளை வெளியேத்திப் பூட்டுறது வேற. உள்ளே இருக்கிறவங்க மறுத்தா, கலெக்டர்கிட்டயோ தலைமை நீதித்துறை நடுவர்கிட்டயோ உத்தரவு வாங்கிக்கிட்டுத்தான் பேங்க் வர முடியும். பைக்கில் வர்ற வசூல் தம்பி பூட்டு, சாவியோட வர்றதெல்லாம் சட்டத்தில் கிடையாது. சுவாதீன நடவடிக்கையை எதிர்த்து 45 நாளைக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கு. சாதாரண சிவில் கோர்ட்டில் ஸ்டே வாங்கித் தர்றேன்னு யாராவது காசு கேட்டால் கொடுத்துடாதீங்க. இந்தச் சட்டத்தில் சிவில் கோர்ட்டுக்கு வேலையில்லை. இன்னொரு முக்கியமான கோடு: 2016 திருத்தத்துக்கு அப்புறம், ஏல அறிவிப்பு வெளியாகிற வரைக்கும்தான் பணத்தைக் கட்டி சொத்தை மீட்கிற உரிமை. 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்திடுச்சு. ஏல நாள் வரைக்கும் டைம் இருக்குன்னு நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. உங்க வீட்டில் விவசாய நிலத்தை அடமானம் வெச்சிருந்தால், அதுக்கு இந்த சர்ஃபாசி பொருந்தாது. பாக்கி ஒரு லட்சத்துக்குள்ள இருந்தாலும் பொருந்தாது.

இதெல்லாம் எனக்கு அன்னைக்கே தெரியும்னு நினைச்சுக்காதீங்க. மெட்டீரியல் சயின்ஸ் புக்கைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. நாமக்கல்லில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுன்னு ஒண்ணு இருக்கிறதை எங்க என்.எஸ்.எஸ். சார் சொல்லியிருந்தார். 15100-க்கு போன் பண்ணிக் கேட்டுக்கிட்டு, அம்மா, அப்பா, நான் மூணு பேரும் பஸ் ஏறினோம். பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவா இருந்தாலும் சரி. 1987-ம் வருஷச் சட்டத்திலேயே அது இருக்கு. எங்க ஊரில் யாருக்கும் தெரியாது!

அங்கே இருந்த வக்கீல் மேடம் நாப்பது வயசிருக்கும். அப்பா மஞ்சப் பையிலிருந்த காகிதத்தையெல்லாம் மேஜையில் கொட்டினார். மேடம் எதையும் படிக்கலை. முதல் கேள்வியே, "இதுல எதுக்கெல்லாம் வீட்டை எழுதிக் கொடுத்திருக்கீங்க?"

"ஏனுங்க மேடம், எல்லாருமே வீட்டை எடுத்துக்குவேன்னுதானுங்க சொல்றாங்க."

"அவங்க சொல்றது இருக்கட்டும். நீங்க எழுதிக் கொடுத்தது எது?"

அப்பா பேங்க் கவரை மட்டும் எடுத்து வெச்சார். மத்ததெல்லாம் இந்தப் பக்கம் குவிஞ்சு கிடந்துச்சு. ஏறக்குறைய ஒரு வருஷமா எங்களைத் தூங்கவிடாமல் செஞ்சது பூராவும் அந்தக் குவியலில். தெருவில் நிக்க வெச்சிருக்கக் கூடியது இந்த ஒத்தைக் கவரில். அம்மா அதைப் பார்த்துட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க.

குவியலையும் மேடம் சும்மா விடலை. ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தாங்க. குழு லோன் எல்லாம் அடமானமே இல்லாத கடன். மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு அடமானம் வாங்கவே கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டிருக்கு. காலை 9 மணிக்கு முன்னாடியோ, சாயங்காலம் 6 மணிக்கு அப்புறமோ கூப்பிடக் கூடாது. பேசி முடிவு பண்ணின பொது இடத்தில்தான் வசூல். அங்கே அடுத்தடுத்து ரெண்டு தடவை வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். சொந்தக்காரங்க, கூட வேலை செய்றவங்களைத் தொந்தரவு பண்றது, கட்டலைன்னா என்ன ஆகும்னு பொய் சொல்லிப் பயமுறுத்துறது எல்லாமே தடை. மத்த கடன்களுக்கு 2022 ஆகஸ்ட்டில் தனி சர்க்குலர்: காலை 8-லிருந்து ராத்திரி 7 வரைக்கும்தான் கூப்பிடலாம். வசூலுக்கு வர்ற ஏஜென்ட்கிட்ட ஐ.டி. கார்டும், கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதமும் இருக்கணும்.

ஆப் லோன்காரங்க அனுப்பினதில் ஒண்ணு வக்கீல் நோட்டீஸ். அது ஒரு லெட்டர்தான், தீர்ப்பு இல்லை. இன்னொண்ணு மேலே தராசு படமெல்லாம் போட்டு, 'லோக் அதாலத்'னு இருந்தது. அப்பா அதைத்தான் அரெஸ்ட் வாரன்ட்டுனு நினைச்சுப் பையிலேயே வெச்சுக்கிட்டு சுத்தியிருக்கார். அது சமரசம் பேச வாங்கன்னு கூப்பிடுற காகிதம். நமக்கு ஒத்துவந்தால்தான் கையெழுத்துப் போடணும். கடனைக் கட்ட முடியாமல் போறது கிரிமினல் குற்றம் இல்லை, அதுக்காக போலீஸ் பிடிச்சுட்டுப் போக முடியாது.

இதைக் கேட்டதும் அப்பா முகத்தில் வந்த வெளிச்சத்தை மேடம் உடனே கொஞ்சம் குறைச்சாங்க. "எல்லாமே சும்மா மிரட்டல்னு போயிடாதீங்க. செக் எழுதிக் கொடுத்திருக்கீங்களா?" செக் திரும்பினால் அது 138-வது பிரிவு, கிரிமினல் கேஸ். நோட்டீஸ் கையில் கிடைச்ச 15 நாளைக்குள்ள கட்டலைன்னா கேஸ் போடலாம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்கூட உண்டு. நல்லவேளை, அப்பா செக் கொடுக்கலை. கோர்ட் சம்மன் வந்தாலோ, ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் வந்தாலோ கண்டிப்பா போகணும், இல்லைன்னா நாம இல்லாமலே தீர்ப்பு எழுதிடுவாங்க. அடமானம் இல்லாத கடன்காரரும் கேஸ் போட்டு, ஜெயிச்சு, அப்புறம் நிறைவேற்று மனு போட்டால் சொத்தை ஜப்தி பண்ண முடியும். ஆனால் அது கோர்ட் வழியா வர்ற நீளமான ரோடு. நாளைக்குக் காலையில் வந்து சீல் வைக்கிறது நடக்காது.

(உங்களில் எஜுகேஷன் லோனில் படிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன இடைச்செருகல்: 4 லட்சம் வரைக்குமான கல்விக் கடனுக்கு பேங்க் அடமானம் கேட்கக் கூடாது. வீட்டுப் பத்திரம் கேட்டால் அங்கேயே 'ஏன் சார்?'னு கேளுங்க.)

அப்புறம் பேங்க்குக்குப் போனோம். அந்த 'நல்ல மனுஷங்க'கிட்ட. மேனேஜர் உண்மையிலேயே மரியாதையாத்தான் பேசினார். ஆனா தெளிவா இருந்தார். நோட்டீஸ் கேட்கிறது மொத்தக் கடனையும். அதை எங்களால் கட்டவே முடியாது. நின்னுபோன தவணை, வட்டி பாக்கியை மட்டும் கட்டிட்டு கணக்கைச் சீராக்கித் தர முடியுமான்னு, மேடம் எழுதிக் கொடுத்த பதிலை நீட்டினோம். கொஞ்சம் கொஞ்சமா கட்டினால் பலனில்லை. நின்ன பாக்கி முழுசும் கட்டினால்தான் வாராக் கடன் பட்டியலிலிருந்து எடுக்க முடியும், ரிசர்வ் வங்கி 2021-லேயே அப்படிச் சொல்லிடுச்சுன்னார். ஆறு தவணை பாக்கி, 75,900 ரூபாய். அபராதம் தனி. ஒத்துக்கிட்டே ஆகணும்னு பேங்க்குக்குக் கட்டாயம் இல்லை. மேலிடத்தில் கேட்டுட்டு, ஒத்துக்கிட்டாங்க.

பணத்துக்கு? எட்டுத் தறியில் மூணைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டோம். தறி அடமானத்தில் இல்லைங்கிறதை உறுதிப்படுத்திக்கச் சொல்லி மேடம் முதல்லயே சொல்லியிருந்தாங்க. லாரியில் ஏத்தும்போது அப்பா வெளியே வரலை. பெரியப்பா 20 ஆயிரம் கொடுத்தார், வட்டி கேட்கலை. அம்மா கம்மல் போச்சு. 52-வது நாள் பணத்தைக் கட்டி, ரசீது வாங்கி, 'கணக்கு சீரானது'ன்னு எழுத்திலும் வாங்கிக்கிட்டோம். வாயால் சொன்னா பத்தாது, எழுதி வாங்குங்கன்னு மேடம் பத்து தடவை சொல்லியிருந்தாங்க.

கத்துற கடன்கள் அதோட நின்னுடலை. நம்ம சினிமாவில் வர்ற மாதிரி சட்டத்தைப் பேசினதும் வில்லன் ஓடிப்போற சீன் எல்லாம் நடக்கலை. அடுத்த வாரமும் காலையில் ஏழுக்கு பைக் வந்துச்சு. அம்மா கதவைத் திறந்து, "சார், ஒம்போது மணிக்கு மேல, சென்டர் மீட்டிங் நடக்கிற எடத்துக்கு நானே வரேன். இங்க உட்கார வேண்டாமுங்க"ன்னு சொன்னாங்க. குரல் நடுங்குச்சு, ஆனா சொல்லிட்டாங்க. மாசாமாசம் இவ்வளவுதான் முடியும்னு கம்பெனிக்கு லெட்டர் கொடுத்து, ஒப்புகை வாங்கினோம். போன் வந்த நேரம், பேசினது என்னன்னு ஒரு நாற்பது பக்க நோட்டில் நான் எழுதி வெச்சேன். கால்களை ரெக்கார்டும் பண்ணினோம். ஆப் லோன் கம்பெனிக்கு அதை வெச்சுப் புகார் அனுப்பினோம். 30 நாளில் பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கியோட ஒம்பட்ஸ்மேனுக்குப் போகலாம், போன் 14448. எங்களுக்கு 26-ம் நாள் பதில் வந்துச்சு. காலேஜ் நம்பருக்குக் கூப்பிடறது அன்னையோட நின்னுச்சு. அசலை எட்டுத் தவணையாக் கட்டி, 'நோ டியூ' சர்டிஃபிகேட் வாங்கியாச்சு.

கந்துவட்டிக்கு எதிரா தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் உண்டு. 2025-ல் மிரட்டி வசூலிக்கிறதுக்கு எதிரா தனிச் சட்டமும் வந்திருக்கு. ஆனாலும் அவமானத்துக்குப் பயந்து கட்டுறவங்ககிட்ட இந்தச் சட்டமெல்லாம் போய்ச் சேரலைங்கிறதுதான் என் ஆதங்கம். கடன் மிரட்டலில் ஒரு குடும்பம் ராத்திரியில் எந்த முடிவுக்குப் போகும்னு செய்தியில் படிச்சிருப்பீங்க. என் அப்பா தட்டு முன்னாடி கை காய உட்கார்ந்திருந்த அந்தப் பொங்கல் லீவில், நான் அவர் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன். ஏன்னு அவரும் கேட்கலை, நானும் சொல்லலை. உங்க வீட்டில் யாராவது அப்படி உட்கார்ந்திருந்தால் 14416-க்கு போன் பண்ணுங்க. 'டெலி மானஸ்', அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழிலும் பேசுவாங்க. நோட்டீஸுக்குப் பதில் அடுத்த நாள் எழுதிக்கலாம்.

அந்தக் குழு லோன் சாரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். பேர் வேண்டாம். ஒருநாள் என் கையில் கிராஃபிக்ஸ் ஷீட்டைப் பார்த்துட்டு, "எந்த டிபார்ட்மென்ட்?"னு கேட்டார். அவரும் பி.இ., மெக்கானிக்கல், 2021 பேட்ச். வேலை கிடைக்காமல் ஒரு வருஷம் சும்மா இருந்து, இதில் சேர்ந்திருக்கார். "சாயங்காலத்துக்குள்ள கலெக்‌ஷன் காட்டலைன்னா எனக்கு மேல இருந்து என்ன திட்டு விழும்னு உங்களுக்குத் தெரியாதுங்க"ன்னார். எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. அதுக்காக எங்கம்மாவைத் தெருவில் நிக்க வெச்சதை நான் மறக்கப் போறதில்லை. ஃபைனல் இயர் சீனியர்ஸ், பிளேஸ்மென்ட் போர்டில் 'கலெக்‌ஷன் எக்ஸிகியூட்டிவ்'னு பார்த்தால், டார்கெட்டுன்னா யாரோட அரிசி டப்பான்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு அப்ளை பண்ணுங்க.

இப்போ எங்களுக்கு அஞ்சு தறி. அதில் நாலு ஓடுது. குழு லோனில் ஒண்ணு முடிஞ்சுது, இன்னொண்ணு போய்க்கிட்டிருக்கு. பேங்க் தவணை 2030 வரைக்கும் இருக்கு. அரிசி டப்பாவில் முதல்ல விழறது அந்தப் பணம்தான். வாசலில் யார் வந்து நின்னாலும் அதில் கை வைக்கிறதில்லைங்கிறது எங்கம்மா போட்ட சட்டம்.

நான் சனிக்கிழமை ஊருக்கு வந்தால் இப்போ எங்க வீட்டுத் திண்ணைக்குத் தெருக்காரங்க கவரோட வர்றாங்க. "பாப்பா, இது என்னன்னு பார்த்துச் சொல்லு சாமி." நான் வக்கீல் இல்லை, படிச்சுச் சொல்றதோட சரி. போன வாரம் ரெண்டு அக்கா வந்தாங்க. அன்னைக்கு எங்க வாசலில் வரிசையா நின்னவங்கதான் ரெண்டு பேருமே. ஒருத்தங்களோடது லோக் அதாலத், பயப்பட ஒண்ணுமில்லை. இன்னொரு அக்கா கையில் நீள கவர். மேலே 13(2)-ன்னு இருந்துச்சு. தேதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினேன். 41 நாள்.

"திங்கட்கிழமை காலையில நாமக்கல் போகணும்க்கா. வீட்டுப் பத்திர ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக், இந்தக் கவர். எல்லாத்தையும் எடுத்துக்கங்க"ன்னேன்.

"உங்கம்மாளையும் கூட்டிக்கிட்டுப் போகட்டுமா கண்ணு?"

அம்மா உள்ளேயிருந்தே, "ஏழரை பஸ்ஸுக்கு வந்துரு"ன்னாங்க.